80 மாடி உயரம்.. 8 வருஷ முற்றுகை.. செஞ்சிக்கோட்டையில் வழிகாட்டி சொல்வதை எப்படிக் கேட்பது?

சிறுசேரி:

சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் பகுதி மக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோவளம் கடற்கரை அல்லது மாமல்லபுரம்தான். இப்போது அந்த பட்டியலில் செஞ்சிக்கோட்டையும் சேர்ந்து வருகிறது. 2025-ம் ஆண்டு ஜூலை 11-ந்தேதி யுனெஸ்கோவின் உலக பாரம்பரிய சின்னங்கள் பட்டியலில் செஞ்சிக்கோட்டை இடம் பிடித்ததே இதற்கு காரணம். 1984-ல் மாமல்லபுரத்துக்கு கிடைத்த அதே பெருமை இது.

ஆனால் போய்விட்டு வந்த பலர் சொல்வது ஒன்றுதான். "மூச்சு வாங்க மேலே ஏறினோம், போட்டோ எடுத்தோம், இறங்கினோம். என்ன பார்த்தோம்னுதான் தெரியலை." ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் செலவழித்து, பிள்ளைகளை கூட்டிக்கொண்டு போகிற குடும்பத்துக்கு இது நஷ்டம். வெறும் கல்லும் கட்டடமும் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அந்த கல்லுக்கு பின்னால் இருக்கிற விஷயம் தெரிந்தால்தான் கோட்டை கோட்டையாகத் தெரியும்.

வழிகாட்டியோடு சுற்றினால் என்ன பார்க்க வேண்டும்? அவர் சொல்வதில் எது வரலாறு, எது கதை? வழிகாட்டி கிடைக்காவிட்டால் என்ன செய்வது? விவரம் வருமாறு:-

எங்கே இருக்கிறது?

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனம்-திருவண்ணாமலை சாலையில் உள்ளது செஞ்சி. திண்டிவனத்தில் இருந்து சுமார் 28 கி.மீ. சிறுசேரியில் இருந்து திருப்போரூர், செங்கல்பட்டு வழியாகப் போனால் மொத்தம் சுமார் 130 கி.மீ. தூரம்.

பஸ்சில் போகிறவர்கள் கேளம்பாக்கம் போய், அங்கிருந்து வண்டலூர் வழியாக கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போக வேண்டும். (கேளம்பாக்கம் வேறு, கிளாம்பாக்கம் வேறு. புதுசாக வேலைக்கு வந்தவர்கள் இதில் ஏமாந்து போவது உண்டு.) கிளாம்பாக்கத்தில் இருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக திருவண்ணாமலை போகும் பஸ்சில் ஏறினால் நேராக செஞ்சியில் இறங்கிவிடலாம். ஊருக்குள் இருந்து கோட்டை சுமார் 2 கி.மீ. தூரம். ஆட்டோவிலும் போகலாம், நடந்தும் போகலாம்.

ஒரு மலை அல்ல, மூன்று மலை

செஞ்சிக்கோட்டை என்றால் ஒரே மலை என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அது தப்பு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்கம் என்று மூன்று மலைகள். மூன்றையும் சேர்த்து முக்கோணமாக மதில் சுவர் கட்டி இருக்கிறார்கள். அந்த மதிலின் நீளம் சுமார் 13 கி.மீ. அதற்குள் அடங்கிய பரப்பு சுமார் 11 சதுர கி.மீ. சிறுசேரியில் இருந்து சோழிங்கநல்லூர் வரைக்கும் ஒரு மதில் சுவர் போட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதைவிட நீளம் இது.

இதில் ராஜகிரிதான் உயரம். கீழே இருந்து உச்சி வரை சுமார் 800 அடி. பழைய மாமல்லபுரம் சாலையில் மாடிக் கட்டடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு கணக்கு எளிதாகப் புரியும். ஒரு மாடிக்கு 10 அடி என்று வைத்தால் 80 மாடி. லிப்ட் கிடையாது. படிதான்.

மலை மேல் ஏன் கட்டினார்கள்?

வழிகாட்டியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இதற்கு பதில் நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. கோவளத்திலும் கோட்டை இருந்தது. செங்கல்பட்டில் ஏரியை ஒட்டியும் கோட்டை இருந்தது. இரண்டும் சமதளத்தில் கட்டியவை. 1752-ல் ராபர்ட் கிளைவ் போர்ப்பயிற்சி இல்லாத புது ஆட்களை வைத்துக்கொண்டு வந்து, இந்த இரண்டு கோட்டைகளையும் ஒவ்வொன்றாக சில நாட்களிலேயே பிடித்துவிட்டார். பீரங்கியை கொண்டுவந்து எதிரே நிறுத்தி சுட்டால் சமதளக் கோட்டையின் சுவர் தாங்காது.

மலைக்கோட்டையில் அந்த வேலை நடக்காது. பீரங்கியை மேலே இழுத்துக்கொண்டு போக முடியாது. கீழே இருந்து சுட்டால் குண்டு உச்சிக்குப் போய்ச் சேராது. ஏறி வருகிற ஆள் ஒவ்வொருவனும் மேலே இருப்பவன் கண்ணில் படுவான். பாறையை உருட்டிவிட்டாலே போதும்.

செஞ்சியில் இன்னொரு சிறப்பு, பாறைகளையே சுவராக பயன்படுத்தி இருப்பது. செங்குத்தான பாறை இருக்கும் இடத்தில் சுவர் இல்லை. இரண்டு பாறைக்கு நடுவே இடைவெளி இருக்கும் இடத்தில் மட்டும் கருங்கல்லை வைத்து அடைத்து இருக்கிறார்கள். ஏறும்போது இதை கவனித்துப் பார்த்தால், எங்கே இயற்கை முடிகிறது, எங்கே கொத்தனார் வேலை ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். கட்டட வேலை செய்பவர்களுக்கு இது நல்ல வேடிக்கை.

கீழே பார்க்க வேண்டியவை

ராஜகிரி மலையின் அடிவாரத்தில்தான் அரண்மனைப் பகுதி. நேராக மலை ஏறிவிடாமல் இதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

கல்யாண மகால்: கோபுரம் மாதிரி அடுக்கடுக்காக மேலே குறுகிக்கொண்டே போகும் கட்டடம். சுற்றிலும் வளைவு வளைவான தாழ்வாரம். இந்த மகாலுக்கு தூரத்தில் இருக்கும் நீர்த்தேக்கத்தில் இருந்து மண்குழாய் பதித்து தண்ணீர் கொண்டு வந்து இருக்கிறார்கள். மோட்டார் இல்லாத காலத்தில் இது எப்படி என்று வழிகாட்டியிடம் கேளுங்கள்.

நெற்களஞ்சியம், உடற்பயிற்சிக் கூடம், குதிரை லாயம்: களஞ்சியத்தின் சுவர் எவ்வளவு தடிப்பு என்று பாருங்கள். கோட்டைக்கு உயிரே இந்த களஞ்சியம்தான். வாள் எத்தனை இருந்தது என்பதைவிட, நெல் எத்தனை மாதத்துக்கு இருந்தது என்பதுதான் முற்றுகையில் ஜெயிப்பதும் தோற்பதும்.

யானைக்குளம்: யானைகளை குளிப்பாட்டிய குளம் என்கிறார்கள்.

வெங்கடரமணர் கோவில்: கோட்டைக்குள் இருப்பதிலேயே பெரிய கோவில். 16-ம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கர் கட்டியது. புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயரமான கல்தூண்கள் நிற்பதை நிறைய பேர் பார்த்து இருப்பார்கள். அவை செஞ்சியில் இருந்து பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனவை.

சாதத்துல்லா கான் மசூதி: 1714-க்குப் பிறகு ஆற்காடு நவாப் கைக்கு கோட்டை வந்தபோது கட்டப்பட்டது. ஒரே மதிலுக்குள் கோவிலும் மசூதியும் இருக்கின்றன.

மேலே என்ன இருக்கிறது?

ராஜகிரிக்கு போகும் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள் வரும். ஒரு வாசலில் நுழைந்ததும் பாதை நேராகப் போகாமல் திரும்பும். இது தெரியாமல் கட்டியது அல்ல. யானையை விட்டு கதவை முட்ட வைக்க வேண்டுமானால் அது ஓடி வர நேரான இடம் வேண்டும். அந்த இடத்தையே கொடுக்காமல் பாதையை வளைத்து இருக்கிறார்கள். கொஞ்ச தூரம் ஏறியதும் கமலக்கண்ணி அம்மன் கோவில் வரும்.

உச்சிக்கு கொஞ்சம் கீழே ஒரு பெரிய பிளவு. அகலம் சுமார் 24 அடி, ஆழம் சுமார் 60 அடி. இப்போது அதன் மேல் பாலம் இருப்பதால் சாதாரணமாக கடந்து போய்விடுகிறோம். அன்றைக்கு அது எடுத்துவிடக்கூடிய மரப்பாலம். எதிரி கீழே உள்ள எல்லா வாசலையும் உடைத்துக்கொண்டு வந்தாலும், இந்த பாலத்தை இழுத்துக்கொண்டால் ஆட்டம் முடிந்தது. செஞ்சிக்கோட்டையின் மொத்த சூட்சுமமும் இந்த ஒரு இடத்தில் இருக்கிறது. வழிகாட்டி வேகமாக கடந்து போனாலும் நிறுத்தி கேளுங்கள்.

உச்சியில் ரங்கநாதர் கோவில், மணிக்கூண்டு, களஞ்சியம், கஜானா, ஒரு பீரங்கி ஆகியவை உள்ளன. அங்கிருந்து பார்த்தால் மூன்று மலையையும் இணைக்கும் மதில், பாம்பு மாதிரி வளைந்து போவது தெரியும்.

முட்டி வலி, வயசானவர்கள் இருந்தால் கிருஷ்ணகிரி மலை ஏறலாம். உயரம் கம்மி. அங்கேயும் களஞ்சியம், எண்ணெய், நெய் சேமித்த கிணறு, கூம்பு போட்ட தர்பார் மண்டபம் எல்லாம் உண்டு.

யாருடைய கோட்டை இது?

யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி தனியாக சேரவில்லை. "மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்" என்ற பெயரில் 12 கோட்டைகள் ஒன்றாக சேர்க்கப்பட்டன. அதில் 11 மகாராஷ்டிராவில் உள்ளவை. 12-வது செஞ்சி. "நம்ம ஊரு கோட்டை எப்படி மராட்டிய கோட்டை ஆச்சு?" என்ற கேள்வி எழுவது நியாயம்தான். அதற்கு பதில் தெரிய வேண்டுமானால் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

கி.பி. 1200-வாக்கில் ஆனந்தக் கோன் என்பவர் முதலில் இங்கே கோட்டை கட்டினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆடு, மாடு மேய்த்த கோனார் சமூகத்தைச் சேர்ந்தவர் அவர். அவர் வழியில் வந்த கிருஷ்ணக் கோன் வடக்கு மலையில் கோட்டை எழுப்ப, அது கிருஷ்ணகிரி ஆனது என்பார்கள். பிறகு விஜயநகர ஆட்சி. அவர்களுக்கு கீழே செஞ்சி நாயக்கர்கள். இன்றைக்கு நாம் பார்க்கும் பெரிய மதில்கள், களஞ்சியங்கள், கோவில்களில் பெரும்பகுதி நாயக்கர் காலத்து வேலைதான்.

1649-ல் பீஜப்பூர் சுல்தான் படை பிடித்தது. 1677-ல் சத்ரபதி சிவாஜி கைப்பற்றி, மதில்களை பலப்படுத்தினார். இந்த இடத்தில்தான் செஞ்சி இந்தியா முழுக்க பேசப்படும் கோட்டை ஆனது.

1689-ல் சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜியை முகலாய மன்னர் அவுரங்கசீப் பிடித்து கொன்றார். ராய்கட் கோட்டையும் விழுந்தது. இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தப்பித்து தெற்கே ஓடி வந்து சேர்ந்த இடம் செஞ்சி. அன்றில் இருந்து மராட்டியர்களின் தலைநகரமே இதுதான். விடாமல் துரத்தி வந்தது முகலாயப் படை. தளபதி சுல்பிகர் கான் 1690-ல் முற்றுகை போட்டார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல, 1698 ஆரம்பம் வரை முற்றுகை நீடித்தது. நடுவில் 1693-ல் சாப்பாட்டுக்கே வழி இல்லாமல் முற்றுகையை விட்டுவிட்டு வந்தவாசிக்கு பின்வாங்கிய சம்பவமும் நடந்தது. கடைசியில் கோட்டை விழுந்தது. ஆனால் ராஜாராம் அதற்கு முன்பே தப்பித்துப் போய்விட்டார். அவுரங்கசீப்பின் படை 8 வருஷம் இங்கேயே மாட்டிக்கொண்டதால்தான், மகாராஷ்டிராவில் மராட்டியர்கள் மறுபடி தலைதூக்க நேரம் கிடைத்தது. மராட்டிய கோட்டைகளோடு செஞ்சியும் சேர்ந்ததற்கு இந்த மராட்டிய தொடர்புதான் காரணம்.

ஆக, கட்டியவர்கள் வேறு, காத்தவர்கள் வேறு. மராட்டியர்கள் வைத்து இருந்தது சுமார் 20 வருஷம்தான். பீஜப்பூர்காரர்கள் பாதுஷாபாத் என்றார்கள். முகலாயர்கள் நுஸ்ரத்கட் என்று பெயர் வைத்தார்கள். அந்த பெயர்கள் எல்லாம் போய்விட்டன. செஞ்சி என்ற பெயர்தான் நிலைத்து நிற்கிறது.

தேசிங்கு ராஜா: எது நிஜம்?

செஞ்சி என்றதும் நம்ம ஜனங்களுக்கு நினைவுக்கு வருவது தேசிங்கு ராஜாதான். தெருக்கூத்திலும், 1960-ல் வெளிவந்த எம்.ஜி.ஆர். படத்திலும் பார்த்த கதை. வழிகாட்டிகள் அதிக நேரம் பேசுவதும் இவரைப் பற்றித்தான்.

நிஜமாக நடந்தது என்ன? தேசிங்கு தமிழர் அல்ல. வடக்கே பந்தேல்கண்ட் பகுதியைச் சேர்ந்த ராஜபுத்திர குடும்பம். தேஜ் சிங் என்ற பெயர்தான் தமிழ் மக்கள் வாயில் தேசிங்கு ஆனது. முகலாயர்களின் கீழ் கோட்டையை நிர்வகித்த அவரது அப்பா சொரூப் சிங் 1714-ல் இறந்தார். கப்பம் பாக்கி என்று சொல்லி ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் படையெடுத்து வந்தார். ஆயிரக்கணக்கான நவாப் படையை சில நூறு குதிரை வீரர்களோடு எதிர்த்து நின்ற தேசிங்கு, 1714 அக்டோபர் 3-ந்தேதி போரில் இறந்தார். அவருக்கு வயது 22 என்கிறார்கள். ஆட்சி செய்தது ஒரு வருஷம்கூட இல்லை. அவருடைய மனைவி உடன்கட்டை ஏறினார். அந்த பெண்ணின் நினைவாகத்தான் நவாப் ராணிப்பேட்டை ஊரை உண்டாக்கினார் என்று சொல்லப்படுகிறது.

தேசிங்கின் குதிரை, கல்யாணத்தை பாதியில் விட்டுவிட்டு போருக்கு வந்த முஸ்லிம் நண்பர் மோவுத்துக்காரன் ஆகிய விவரங்கள் நாட்டுப்புற கதைப்பாட்டில் வருபவை. கதை என்பதால் மட்டம் இல்லை. தோற்றுப்போன, வேற்று மொழி பேசிய, 22 வயது பையனை, 300 வருஷமாக தமிழ்நாட்டு ஏழை ஜனங்கள் தங்கள் ராஜாவாக வைத்து பாடிக்கொண்டு இருக்கிறார்கள். ஜெயித்த நவாபுக்கு அப்படி ஒரு பாட்டு இல்லை.

கோட்டை விழுந்த ராத்திரி

இன்னொரு சம்பவமும் கேட்டு தெரிந்துகொள்ள வேண்டியது. 8 வருஷம் முகலாயர்களை அலைக்கழித்த இதே கோட்டையை, 1750 செப்டம்பரில் பிரெஞ்சு தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்தார். வாசல் கதவை வெடி வைத்து தகர்த்து, இருட்டிலேயே மலை மேல் ஏறிவிட்டார்கள். காலையில் விடிந்து மலையைப் பார்த்தபோது, "இதிலேயா ஏறினோம்" என்று பிரெஞ்சுக்காரர்களுக்கே பிரமிப்பாக இருந்ததாம். மதில் அதே மதில்தான். உள்ளே இருந்த படை ஏற்கனவே தோற்று மனசு உடைந்து போயிருந்தது. அதுதான் வித்தியாசம்.

பிறகு 1761 ஏப்ரலில் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. போரில் செத்ததைவிட, இங்கே காய்ச்சலில் செத்த வெள்ளைக்கார சிப்பாய்கள் அதிகம்.

வழிகாட்டியிடம் கவனிக்க வேண்டியது

* அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தப்பு இல்லை.

* எவ்வளவு பணம், எந்தெந்த இடம், மலை உச்சி வரை வருவாரா, கீழே மட்டும்தானா? இதை எல்லாம் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். இரண்டு, மூன்று குடும்பம் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொண்டால் செலவு குறையும்.

* ஏதாவது ஆச்சரியமாகச் சொன்னால், "அண்ணே, இது கல்வெட்டுல இருக்கா, இல்ல கதையா?" என்று கேளுங்கள். நல்ல வழிகாட்டி கோபப்படமாட்டார். கதை என்றால் கதை என்று சொல்லிவிடுவார். உதாரணத்துக்கு, சக்கரகுளம் பக்கத்தில் கைதி கிணறு என்று ஒன்றைக் காட்டுவார்கள். கைதிகளை உள்ளே தள்ளி பட்டினி போட்டு கொன்ற இடம் என்பார்கள். அது வாய்வழியாக வரும் செய்தி. சுரங்கப்பாதை அந்த ஊருக்குப் போகுது, இந்த ஊருக்குப் போகுது என்று சொன்னாலும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

* எல்லா நாளும் வழிகாட்டி கிடைப்பார் என்று நம்பி போகக்கூடாது. கிடைக்காவிட்டால், ஒவ்வொரு கட்டடத்தின் முன்பும் தொல்லியல் துறை வைத்துள்ள பலகையை பிள்ளைகளை விட்டு சத்தமாக படிக்கச் சொல்லுங்கள். பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது.

ஏறும் முன் எச்சரிக்கை

கோட்டை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்து இருக்கும். பிற்பகல் 3 மணிக்கு மேல் ராஜகிரியில் ஏற விடுவதில்லை. ஏறுவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே விடியற்காலையில் சிறுசேரியை விட்டு கிளம்பினால்தான் சரிப்படும். 2018-ல் உயர்த்தப்பட்ட கட்டணப்படி இந்தியர்களுக்கு நுழைவுச்சீட்டு 25 ரூபாய். 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இலவசம்.

மேலே கடை கிடையாது. ஆளுக்கு குறைந்தது ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் வேண்டும். குரங்குகள் அதிகம் என்பதால் தின்பண்டத்தை கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். பாறை சூடேறினால் வெறும் காலோடு நடக்க முடியாது. வழுக்காத செருப்பு அவசியம். சித்திரை, வைகாசி வெயிலில் மதியம் ஏறுவது ஆபத்து. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. மழை பெய்தால் படி வழுக்கும். இதய நோய், ரத்த கொதிப்பு உள்ளவர்கள் அடிவாரத்தை மட்டும் சுற்றிப் பார்த்தாலே அரை நாள் போய்விடும். நெஞ்சு படபடத்தால் கௌரவம் பார்க்காமல் உட்கார்ந்துவிட வேண்டும்.

சுவரில் பெயர் கிறுக்குவது, இதயப் படம் வரைவது எல்லாம் விளையாட்டு அல்ல. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தை சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்க சட்டத்தில் இடம் இருக்கிறது. கூட வரும் பிள்ளைகளிடம் இதை டிக்கெட் வாங்கும் இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.